அப்பாவுக்கு இரைப்பையில் ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா டாக்டர்?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 39 வயது சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய அப்பாவுக்கு 67 வயது, விவசாயி. நான்கு மாதம் முன்பு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்திருக்கிறது, அப்போதே கல்லீரலில் நாலைந்து இடத்தில் பரவியிருந்தது. இரண்டு முறை கீமோ கொடுத்தார்கள். கடந்த மூன்று வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. "நேற்று மத்தியானம் சாப்பிட்ட சோறு இன்று விடிகாலையில் பருக்கை பருக்கையாக அப்படியே வருகிறது" என்று எழுதியிருக்கிறார். 61 கிலோ இருந்தவர் 47 கிலோ ஆகிவிட்டார். பாத்ரூமுக்குத் தானாக நடந்து போகிறார், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். புதிய சி.டி. ஸ்கேனில் இரைப்பையின் கீழ்வாசல் அடைபட்டிருக்கிறது, வயிற்றுக்குள் கொஞ்சம் நீரும் கோத்திருக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் 2.4-க்கு இறங்கியிருக்கிறது. குடல் இரைப்பை மருத்துவர் ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார், அதே மருத்துவமனையின் சர்ஜன் பைபாஸ் ஆபரேஷனும் செய்யலாம் என்றிருக்கிறார். துபாயில் இருக்கும் தம்பி, "கட்டியையே எடுத்துடச் சொல்லு, மூணு வாரத்துல நான் வந்துடறேன், அதுவரைக்கும் எதுவும் பண்ண வேண்டாம்" என்கிறார். பெரியப்பா, "கட்டிக்குள்ள கம்பியைச் செருகினா நோயைக் கிளறிவிட்ட மாதிரி ஆயிடும்" என்கிறார். அப்பாவிடம் வெறும் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தினமும் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போகிறார். கடிதத்தின் கடைசி வரி: "அப்பா ஒரு வாரமாகக் கருவாட்டுக் குழம்பு கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதைக்கூடக் கொடுக்க முடியாத பாவியாகிவிட்டேன், கொடுக்கலாமா டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கருவாட்டுக் குழம்புக்குக் கடைசியில் வருகிறேன், மறக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி வரும்வரை மூன்று வாரம் காத்திருக்கலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடுகிறது. காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே அப்பாவை அட்மிட் செய்யுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மனிதன் ஒரு பருக்கை சாப்பிடாவிட்டாலும் எச்சிலும் இரைப்பை நீருமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் இரைப்பைக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சாதாரணமாக அது கீழ்வாசல் வழியாகச் சிறுகுடலுக்குப் போய் உடம்புக்கே திரும்பிவிடும். உங்கள் அப்பாவுக்கு அந்த வாசலைக் கட்டி அடைத்துவிட்டது. போக வழி இல்லாமல் இரைப்பை பை மாதிரி உப்பிக்கொண்டு, தாங்க முடியாத கட்டத்தில் மொத்தமாக வாந்தியாக வருகிறது. அவரைப் படுக்க வைத்து இடுப்பை லேசாக அசைத்தால் பாதி நிரம்பிய குடத்தை ஆட்டுவது போல வயிற்றுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்கலாம், சாப்பிட்டு நாலு மணி நேரம் கழித்தும் கேட்கும். அவருக்குப் பசி இல்லை என்றும் கீமோ ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முந்தின நாள் சோறு செரிக்காமல் அப்படியே வருகிறதென்றால் அது கீமோ வாந்தி இல்லை, அடைப்பு வாந்தி.

இப்படி நாள்கணக்கில் வாந்தி எடுக்கும்போது அமிலமும் உப்புகளும் வெளியே போய் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிடும், சிறுநீரகம் வாடிவிடும், இதயத் துடிப்பே தடுமாறலாம். ராத்திரித் தூக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிட்டால் அப்புறம் ஸ்டென்ட், ஆபரேஷன் எதைப் பற்றியும் பேச முடியாது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

அட்மிட் ஆனதும் முதலில் நடக்க வேண்டியது

மூக்கு வழியாக ஒரு டியூப் போட்டு இரைப்பையைக் காலி செய்வார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், அப்பாவும் திட்டுவார், ஆனால் முதல் லிட்டர் வெளியே வந்ததுமே முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள். கூடவே டிரிப்ஸில் உப்பு நீரும் பொட்டாசியமும் போகும்.

இங்கே வீட்டுக் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, 200 கலோரிகூடத் தேறாது. தெம்பு ஏறும் என்று நினைத்து நீங்கள் ஏற்றுகிறீர்கள், அதில் உணவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியம், மூன்று வாரம் பட்டினி கிடந்த உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் காலியாக இருக்கும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். அதனால் தயமின் ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ். வாசல் திறந்த பிறகும் திடீரென்று வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது, உடம்பு உணவைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்துவிடும். முதல் வாரம் இந்த அளவுகளை அடிக்கடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கும் வாந்தி மாத்திரை. மெட்டோக்ளோப்ரமைடு, டொம்பெரிடோன் போன்றவை இரைப்பையைக் கீழ்நோக்கிப் பிசைந்து தள்ளுகிற மருந்துகள். வாசல் முழுக்க மூடியிருக்கும்போது பிசைந்து என்ன பயன்? வலியும் வாந்தியும் கூடத்தான் செய்யும். டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஸ்டென்ட் என்றால் என்ன, அது எதைச் செய்யாது

உங்கள் பெரியப்பா கம்பி என்கிறார், உங்கள் மனதில் ஹார்ட் ஸ்டென்ட் இருக்கிறது. இரண்டும் கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது. இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் பெரும்பாலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். இது விரிந்தால் இரண்டு சென்டிமீட்டர், நம் கட்டைவிரல் உள்ளே போகும். நீளம் ஆறிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை, அடைப்பின் நீளத்தைப் பொறுத்து. நிட்டினால் என்கிற நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகத்தில் பின்னிய வலைக் குழல். அந்த உலோகத்தைச் சுருக்கி ஓர் உறைக்குள் அடைத்தாலும் வெளியே விட்டதும் உடம்புச் சூட்டில் தன் பழைய உருவத்துக்குத் தானே விரிந்துவிடும்.

வைக்கும் விதம் இப்படி. மயக்கம் கொடுத்து வாய் வழியாக எண்டோஸ்கோப்பை அடைப்பு வரை கொண்டுபோவார்கள். அடைப்பின் நடுவில் இருக்கும் ஊசிமுனை இடுக்கு வழியாக மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து, சாயம் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் அடைப்பு எங்கே முடிகிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் அந்தக் கம்பியின் மேலேயே, பென்சிலை விட மெலிதாகச் சுருட்டப்பட்ட ஸ்டென்ட் உள்ளே போகும். உறையைப் பின்னால் இழுக்க இழுக்க திரையில் முதலில் கீழ் முனை விரியும், பிறகு மேல் முனை, நடுவில் கட்டி அழுத்தும் இடம் மட்டும் உடுக்கையின் இடுப்பு மாதிரி குறுகியே நிற்கும். அன்றைக்கே முழுதாக விரியவில்லையே என்று பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் அந்த இடுப்பும் மெல்ல அகலும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. வயிற்றில் கத்தி படாது.

பத்தில் ஒன்பது பேருக்குச் சரியான இடத்தில் வைத்துவிட முடிகிறது. வைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சாப்பிட முடிகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் சரியாக உட்கார்ந்தும் சாப்பிட முடியாமல் போவது ஏன் என்றால், அடைப்பு ஒரே இடத்தில் இல்லாமல் கீழே சிறுகுடலிலும் இன்னொரு இடத்தில் இருக்கலாம், அல்லது இரைப்பையின் தசையே சோர்ந்துபோயிருக்கலாம். உங்கள் அப்பாவின் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நீரில் புற்று செல்கள் இருக்கின்றனவா, வயிற்றின் உள்ஜவ்வில் முடிச்சுகள் தெரிகின்றனவா, கீழே குடல் எங்காவது வீங்கியிருக்கிறதா என்று சி.டி.யை ரேடியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முன்வாசலைத் திறந்துவிட்டுக் கொல்லைக் கதவு மூடியே இருந்தால் வாந்தி நிற்காது.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள், ஸ்டென்ட் வைப்பதால் நோய் கிளறிக்கொண்டு பரவும் என்பது தவறான பயம். கல்லீரலுக்குப் பரவியது நான்கு மாதம் முன்பே, எந்தக் கம்பியும் போகாத காலத்தில். அதே நேரம் நீங்களும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்டென்ட் கட்டியைக் குறைக்காது, நோயைக் குணமாக்காது. அப்பா வாயால் சாப்பிடவும் வாந்தி இல்லாமல் தூங்கவும் வழி செய்கிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பது எவ்வளவு பெரியது என்று மூன்று வாரமாகக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டியையே எடுத்தால் என்ன?

தம்பியின் கேள்வி இது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று தோன்றும், அவர்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் சர்ஜன் சொன்னது கட்டியை எடுக்கும் ஆபரேஷன் இல்லை. கட்டியை அங்கேயே விட்டுவிட்டு, இரைப்பையின் வேறொரு பக்கத்தைச் சிறுகுடலோடு இணைத்து மாற்றுப்பாதை போடுவதுதான் பைபாஸ். ஏன் எடுப்பதில்லை? ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் மருத்துவமனைகள் சேர்ந்து, பரவிவிட்ட இரைப்பைப் புற்றுநோயில் இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டுக் கீமோ கொடுப்பதையும், எடுக்காமல் கீமோ மட்டும் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 2016-ல் முடிவு வந்தது. இரைப்பையை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் உங்கள் அப்பாவை விடத் தெம்பாக இருந்தவர்கள், நோயும் அவ்வளவாகப் பரவாதவர்கள். தம்பிக்குப் புரிய வைக்க வேண்டியது இதைத்தான், கட்டியை எடுக்காமல் விடுவது பணத்துக்காக இல்லை.

அப்படியானால் ஸ்டென்டா, பைபாஸா?

இரண்டுமே நல்ல வழிகள்தான், யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெதர்லாந்தில் 39 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ஐந்து நாளில் ஓரளவு திடமான உணவுக்கு வந்துவிட்டார்கள், ஆபரேஷன் செய்தவர்களுக்கு எட்டு நாள் ஆனது. ஆனால் நாள் போகப் போக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மறுபடி அடைப்பும் மறுபடி எண்டோஸ்கோப்பியும் அதிகம் தேவைப்பட்டன, பைபாஸ் செய்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அதனால் அவர்கள் சொன்னது, இரண்டு மாதத்துக்கு மேல் வாழ்வார் என்று எதிர்பார்க்கக்கூடியவருக்குப் பைபாஸ், அதற்குக் குறைவென்றால் ஸ்டென்ட். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இன்றைக்கும் எங்கள் துறையில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காலக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆல்புமின் 2.4 என்றால் தையல் போட்ட இடம் ஒட்டுவதே சிரமம். வயிற்றில் நீர் வேறு, நாளின் பெரும்பகுதி படுக்கை வேறு. இப்படிப்பட்டவருக்கு ஆபரேஷன் செய்தால், கிடைக்கிற நாட்களில் பாதியை மருத்துவமனையில் காயம் ஆறுவதற்காகவே செலவழிக்க நேரலாம். பைபாஸ் போட்ட பிறகும் இரைப்பை வேலையைத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் அடம்பிடிப்பதும் உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்து, ஃபைலை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மறக்காமல் கேளுங்கள், என் மனது ஸ்டென்ட் பக்கம்தான் சாய்கிறது. அவரே 61 கிலோவோடு நடமாடிக்கொண்டிருந்து, கீமோவும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் பைபாஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வழி ஒன்றும் வந்திருக்கிறது. எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்து, இரைப்பைச் சுவரைத் தாண்டி அடுத்திருக்கும் சிறுகுடலைப் பார்த்து, இரண்டையும் டம்பெல் வடிவ ஸ்டென்டால் இணைத்துவிடுவது. கத்தியில்லாத பைபாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங் மருத்துவர்கள் தலைமையில் கிட்டத்தட்ட 100 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் இந்த முறையில் 4 சதவீதம், சாதாரண ஸ்டென்டில் 29 சதவீதம். நல்ல முறைதான். ஆனால் கைதேர்ந்தவர்கள் சில பெரிய மையங்களில்தான் இருக்கிறார்கள், செலவும் கூடுதல், வயிற்றில் நீர் அதிகமாக இருந்தால் செய்யவும் யோசிப்பார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். இருக்கிற இடத்தில் முடியாது என்றால், இதற்காகவே அவரை இந்த நிலையில் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

எதுவுமே சரிவராத நிலையும் உண்டு, கீழே குடலில் பல இடங்களில் அடைப்பு என்றால். அப்போது வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் வைத்து நீரை வெளியே வடியவிடலாம், மூக்கு டியூப் இல்லாமல் வீட்டில் இருக்கலாம், சுரப்பைக் குறைக்க ஆக்ட்ரியோடைடு ஊசியும் இருக்கிறது. கைவிடுவது என்று ஒன்று கிடையாது.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்கிறேன்

குடலில் ஓட்டை விழுவது நூற்றில் ஒருவருக்கு ஏறக்குறைய. வந்தால் பெரிய ஆபத்து. ரத்தக்கசிவு வரலாம். முதல் ஒன்றிரண்டு நாள் ஸ்டென்ட் விரியும்போது வலிக்கும், மருந்து கேட்டு வாங்குங்கள், பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ வலைக் கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கலாம், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்யலாம். வலைக் கண்களை மூடும்படி மெல்லிய உறை போட்ட ஸ்டென்ட் வைத்தால் கட்டி உள்ளே வளராதே என்று கேட்பீர்கள், வளர்வது குறையும், ஆனால் பிடிமானம் இல்லாமல் நழுவிப் போகும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் பல மருத்துவர்கள் உறையில்லாததையே வைக்கிறார்கள். ஸ்டென்ட் முன்சிறுகுடலுக்குள் நீண்டு பித்தநீர் இறங்கும் வாயை மூடினால் மஞ்சள் காமாலை வரலாம், காமாலையைக் காட்டும் பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமி ரத்தத்தில் இப்போது எவ்வளவு என்று பார்த்துவிட்டே வைப்பார்கள்.

வைத்த பிறகு அவருக்குத் தாங்கும் தெம்பு வந்தால் கீமோ தொடரலாம், ஸ்டென்ட் அதற்குத் தடையில்லை. ராமுசிருமாப், பெவாசிஸுமாப் போன்ற மருந்துகளைச் சேர்க்கும் பேச்சு வந்தால் மட்டும் உள்ளே ஸ்டென்ட் இருப்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்து அந்த மருந்துகளுக்கே தனியாக உண்டு.

அப்பாவுக்கு அல்சர் என்று சொன்னது

இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. நீங்கள் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அவர் மனசு உடைந்துவிடும் என்று பயந்து சொன்னீர்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்கு ஒரு சிகிச்சை செய்ய அவருடைய சம்மதம் வேண்டும், மகளின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய தாயாரிடம் மட்டும் சம்மதம் வாங்கி அவசரமில்லாத ஆபரேஷன் செய்தது செல்லாது என்பது அந்த வழக்கின் தீர்ப்பு. சட்டம் இருக்கட்டும். 14 கிலோ இளைத்து, இரண்டு முறை கீமோ ஏறி, முடி கொட்டிய ஒரு விவசாயி, அது அல்சர்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்களைக் காப்பாற்றத்தான் அவர் பேசாமல் இருக்கிறார் என்பது என் ஊகம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "அப்பா, வயித்து நோயைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். தெரிய வேண்டும் என்றால் மருத்துவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வேண்டாம், நீ பார்த்துக்க என்றால் அதுவும் அவருடைய முடிவு, அப்போதுகூட ஸ்டென்ட் என்றால் என்ன, எதற்கு வைக்கிறோம் என்பதை அவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். வீட்டில் இருக்க வேண்டுமா, வயலைப் பார்க்க வேண்டுமா, தம்பி வரும்வரை பேசிக்கொண்டிருக்கும் தெம்பு வேண்டுமா? ஸ்டென்டா பைபாஸா என்கிற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

செலவு, காகிதங்கள்

நகையை அடகு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இனி வைக்கும் முன் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை வாங்கலாம். அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில், இந்த ஸ்டென்ட் அதில் வருமா, முன் அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்று அட்மிட் ஆன அன்றே விசாரியுங்கள். தனியாரில் என்றால் ஸ்டென்டின் விலை வேறு, கட்டணம் வேறு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் காட்ட விரும்பினால் சி.டி. படங்களையும் எண்டோஸ்கோப்பி அறிக்கையையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் வருட ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்பதால் முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வலிக்கும் மற்ற தொந்தரவுகளுக்கும் பார்த்துக்கொள்ள மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலிநிவாரண நர்ஸ்கள் இருக்கிறார்கள், 2021-லிருந்து நடக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பதிந்து வையுங்கள், கடைசி நேரத்தில் தேடாதீர்கள்.

சாப்பாடு

ஸ்டென்ட் வைத்த முதல் நாள் தண்ணீர், வடித்த கஞ்சித் தண்ணீர், இளநீர் மாதிரி நீராக மட்டும். வாந்தி இல்லையென்றால் அடுத்த நாள் மோர், பால், சத்துமாவுக் கூழ். இரண்டு மூன்று நாள் கழித்துக் குழைந்த சோறு, இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்து மசித்து, தோலில்லாத பருப்பு, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம், நன்றாக வெந்த முட்டையை மசித்து. ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கிண்ணம். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பிறகும் ஒரு மணி நேரம் சாயக் கூடாது, இடையிடையே ஒரு மடக்கு வெந்நீர்.

நார்தான் எதிரி. சில வருடம் முன்பு ஒரு பெரியவருக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பினோம், பத்தாவது நாள் மறுபடி வாந்தியோடு வந்தார். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தால் வலையின் வாயில் முருங்கைக்காய்ச் சக்கை மூன்று நான்கு துண்டு, குறுக்கே சிக்கிய சுள்ளி மாதிரி, அதன்மேல் சோறு அடைந்து நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தோம், அன்று சாயங்காலமே ரசம் சாதம் சாப்பிட்டார். அவர் மனைவி குற்றம் செய்தது போல அழுதார். நாங்கள் சரியாகச் சொல்லி அனுப்பவில்லை என்பதுதான் உண்மை. அதனால் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கொத்தவரங்காய், சுளையோடு ஆரஞ்சு, அன்னாசி, தேங்காய்ச் சக்கை, பரோட்டா, துண்டு துண்டான கறி, இவை எதுவும் வேண்டாம்.

சாப்பிட ஆரம்பித்ததும் எடை ஏறும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். இந்த நோயே தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும். தராசை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாந்தி நின்றதா, தூங்குகிறாரா என்று பாருங்கள்.

திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, வயிறு பலகை மாதிரி இறுகுவது, தார் போலக் கறுப்பாக மலம், ரத்த வாந்தி, குளிர்காய்ச்சலோடு கண் மஞ்சளாவது, நின்றிருந்த வாந்தி மறுபடி தொடங்குவது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

இனி கருவாட்டுக் குழம்பு. இன்றைக்கு வேண்டாம், உள்ளே போனது அத்தனையும் திரும்பி வரும், அந்தப் புளிக் காரத்தோடு வந்தால் தொண்டை புண்ணாகிவிடும். நாக்குக்கு ருசி கேட்கிறார் என்றால் அரை ஸ்பூன் வாயில் வைத்துச் சுவைத்துத் துப்பட்டும், அதற்குத் தடையில்லை. ஸ்டென்ட் வைத்து நாலைந்து நாள் ஆகி, கூழும் குழைந்த சோறும் தங்குகிறது என்றால் கொடுங்கள். கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, வெந்த சதையை முள் ஒன்றுகூட இல்லாமல் விரலால் உதிர்த்து மசித்துவிடுங்கள். கத்தரிக்காய் போட்டால் தோலைச் சீவிவிட்டுப் போடுங்கள். குழம்பை வடிகட்டி, குழைந்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து முதல் நாள் நாலு வாய் மட்டும். காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், புளி அவர் கேட்கிற அளவுக்கே இருக்கட்டும்.